டிக்கெட் தேதியை முதலில் மாற்றுவதா, மைல்ஸ் கொடுத்து இருக்கையை முதலில் உயர்த்துவதா?

மன்னார்குடி மிராசு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விமானப் பயண விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

மகள் சான்ஃபிரான்சிஸ்கோ அருகே இருக்கிறாள். மார்ச் முதல் வாரத்தில் தலைப்பிரசவம். பொங்கல் முடிந்த கையோடு நானும் மனைவியும் புறப்படுவதாக முடிவு செய்து, ஆவணி மாதமே தஞ்சாவூரில் ஓர் ஏஜெண்டிடம் டிக்கெட் எடுத்துவிட்டோம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வரை ஸ்கூட் நிறுவனத்தின் விமானம், அங்கிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு நேராகச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பி வருவது மே கடைசியில். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குறுவைக்கு நான் ஊரில் இருந்தாக வேண்டும்.

இப்போது வயல் என்னை விடவில்லை. ஐப்பசி மழையில் நட்ட பயிர் முழுகி, பாதிக்கு மேல் அழுகிப்போய், நாற்று தேடி அலைந்து மறுநடவு செய்தோம். தை பிறந்ததும் அறுத்திருக்க வேண்டிய சம்பா மாசியில்தான் அறுப்புக்கு வரும். அறுத்தால் மட்டும் போதாது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். காயவைத்து, தூற்றி, 40 கிலோ சிப்பமாக எடை போட்டு ரசீது கையில் வரும்வரை ஒருவர் களத்தில் நிற்க வேண்டும். அந்த ஒருவர் நான்தான், வேறு ஆள் இல்லை. ஆகவே பிப்ரவரி 20 வாக்கில்தான் நான் புறப்பட முடியும்.

ஏஜெண்டைக் கேட்டேன். "இந்த டிக்கெட்டில் தேதி மாற்ற முடியாது ஐயா, ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டு பேர் டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு போகும் என்று நினைக்கவே நெஞ்சு அடைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மனைவிக்குச் சென்ற ஆண்டு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டில் நன்றாக நடக்கிறாள், ஆனால் ஒரு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமப்படுகிறாள். சிங்கப்பூரிலிருந்து அங்கே போய்ச் சேர 15 மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். மாப்பிள்ளை வேலை நிமித்தமாக அடிக்கடி பறப்பவர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் உறுப்பினர் திட்டத்தில் அவருக்குக் கணக்கு உண்டு. பறக்கப் பறக்கச் சேரும் மைல்ஸ் என்ற புள்ளிகள் அதில் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கிறதாம். "அத்தை காலை நீட்டிக்கொண்டு வரட்டும் மாமா, இதற்கில்லாத மைல்ஸ் எதற்கு?" என்று அவராகவே சொன்னார். மைல்ஸைக் கொடுத்து எகானமி இருக்கையை மேல் வகுப்புக்கு உயர்த்துவது அவளுக்குத்தான், எனக்கு வேண்டாம்.

என் கேள்விகள்: தேதியை மாற்ற உண்மையிலேயே வழி இல்லையா? மாற்றலாம் என்றால் தேதி முதலிலா, இருக்கை முதலிலா? ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் உயர்த்தித் தருவார்களா?

தஞ்சை டிக்கெட் மேசை எழுதியது:

ஐயா, வணக்கம். மேல வீதிப் பக்கம் ஒரு சிறிய அலுவலகத்தில் டிக்கெட் போடுவதுதான் என் வேலை. உங்கள் ஏஜெண்ட் சொன்ன பதிலைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மாற்ற முடியாத டிக்கெட்டுகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை வாயால் சொல்லி முடிப்பது தொழில் அல்ல. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கட்டண விதிகள் என்று ஒரு பெரிய பட்டியல் உண்டு, எங்கள் கணினியில் ஒரு நிமிடத்தில் திறக்கும். அதில் 16ஆம் பிரிவு அபராதங்கள் பற்றியது. தேதி மாற்றினால் எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு, விமானத்துக்கு வராமல் போனால் எவ்வளவு என்று தனித்தனியாக அங்கே எழுதியிருக்கும். நாளை போய், "16ஆம் பிரிவை எடுத்துக் காட்டுங்கள், அச்செடுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கிறவருக்கு எந்த ஏஜெண்டும் ஒரு வரியில் பதில் சொல்ல மாட்டார்.

அப்படியே 7ஆம் பிரிவையும் பாருங்கள். அதிகபட்சம் எத்தனை நாள் வெளியே தங்கலாம் என்பது அதில் இருக்கும். பலர் போகும் தேதியை மட்டும் மாற்றிவிட்டு வரும் தேதியை மறந்துவிடுகிறார்கள்.

மாற்ற அனுமதி இருந்தால் உங்களிடம் மூன்று தொகைகள் கேட்பார்கள். நிறுவனத்தின் மாற்றக் கட்டணம் ஒன்று, கட்டண வித்தியாசம் ஒன்று, ஏஜெண்டின் சேவைக் கட்டணம் ஒன்று. மூன்றையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இதில் பெரிதாக விளையாடுவது கட்டண வித்தியாசம்தான். உங்கள் இ-டிக்கெட் தாளில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். எகானமி என்பது பயணிக்கு ஒரே வகுப்பு. எங்களுக்கோ அது பத்துப் பன்னிரண்டு எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு விலை. புதிய தேதியில் அதே எழுத்தில் இடம் இருந்தால் பெரும்பாலும் மாற்றக் கட்டணத்தோடு போய்விடும். அந்த எழுத்து தீர்ந்து அடுத்த எழுத்துதான் இருக்கிறது என்றால் வித்தியாசம் கட்ட வேண்டும். பிப்ரவரி 20 என்று ஒரே நாளைச் சொல்லாமல், 18 முதல் 25 வரை எந்த நாளில் உங்கள் எழுத்து கிடைக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளினாலே ஆயிரக்கணக்கில் மிச்சமாவதை நான் தினமும் பார்க்கிறேன்.

மைல்ஸுக்கும் அந்த எழுத்துதான் சாவி. பெரும்பாலான நிறுவனங்களில் மிகக் குறைந்த விலை எழுத்துகளில் எடுத்த டிக்கெட்டை மைல்ஸ் கொடுத்து உயர்த்த முடியாது, கணக்கில் எத்தனை லட்சம் இருந்தாலும் சரி. ஆகவே உங்கள் எழுத்தையும் கட்டண வகையின் பெயரையும் மாப்பிள்ளையிடம் சொல்லி, இது உயர்த்தத்தக்கதா என்று அவரை நிறுவனத்திடமே கேட்கச் சொல்லுங்கள். உறுப்பினர் அவர். எங்களைப் போன்ற ஏஜெண்டுகள் அவர் கணக்கைத் தொட முடியாது.

அது தெரிந்த பிறகும், காலியாக இருக்கும் இருக்கை வேறு, மைல்ஸுக்கு விடும் இருக்கை வேறு. ஆற்றில் தண்ணீர் ஓடுவதாலேயே நம் வாய்க்கால் மதகு திறந்துவிடாது. பிசினஸ் வகுப்பில் இருபது இடம் விற்பனைக்கு இருக்கும் நாளில்கூட மைல்ஸுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. தேதிதான் முதலில். மைல்ஸ் கொடுத்து உயர்த்தியதும் அந்த நிறுவனம் டிக்கெட்டைப் புதிதாக வெளியிடும். அதன்பின் ஏஜெண்ட் அதில் கை வைப்பது கடினம், நீங்கள் நிறுவனத்தின் தொலைபேசியில்தான் நிற்க வேண்டும். மேலும் உயர்த்திய பிறகு தேதியை மாற்றினால், புதிய தேதியிலும் மைல்ஸ் இடம் இருந்தால்தான் அந்த உயர்வு கூடவே வரும். இல்லையென்றால் மீண்டும் எகானமிதான். ஆனால் தேதியை மாற்றும் முன்பே, எந்தத் தேதியில் மைல்ஸ் இடம் இருக்கிறது என்று மாப்பிள்ளை தன் கணக்கில் பார்த்துவிட வேண்டும். பார்ப்பது முதலில், தேதி மாற்றம் அடுத்து, உயர்த்துவது கடைசி.

ஒருவருக்கு மட்டும் உயர்த்தலாம். ஆனால் நீங்கள் இருவரும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கிறீர்கள். ஒருவருக்கு மட்டும் எதையாவது செய்ய வேண்டுமென்றால் முதலில் அதைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் உங்களுக்குப் புதிதாக ஆறு எழுத்தில் ஒரு பிஎன்ஆர் வரும், டிக்கெட் எண் அப்படியே இருக்கும். பிரிக்கக் கட்டணம் எதுவும் நிறுவனம் கேட்பதில்லை. பிரித்தபின் இரண்டு பிஎன்ஆரையும் ஒன்றோடொன்று குறிப்பிட்டு வைக்கச் சொல்லுங்கள், விமானம் ஏதாவது ரத்தானால் இருவரையும் ஒன்றாக மாற்ற அது உதவும்.

மைல்ஸ் சிங்கப்பூர் முதல் சான்ஃபிரான்சிஸ்கோ வரைதான். திருச்சி முதல் சிங்கப்பூர் வரை ஸ்கூட் விமானம், அந்த நான்கு மணி நேரத்துக்கு மைல்ஸ் உயர்வு கிடையாது. அதற்கு முன்வரிசையில் காலை நீட்ட இடமுள்ள இருக்கை ஒன்றைப் பணம் கட்டி எடுத்துவிடுங்கள்.

கூத்தாநல்லூரான் எழுதியது:

மன்னார்குடி அண்ணனுக்கு ஸலாம். சிங்கப்பூரில் வேலை, வீடு கூத்தாநல்லூரில். திருச்சி விமானம்தான் எனக்கு வாசல். அக்கா எழுதியதற்கு மேல் டிக்கெட் விஷயத்தில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. மைல்ஸ் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கிரிஸ்ஃப்ளையரில் உங்கள் மாப்பிள்ளை தன் மைல்ஸை உங்கள் மனைவி கணக்குக்கு மாற்ற வேண்டியதில்லை. தன் கணக்கிலேயே அதிகபட்சம் ஐந்து பேரைத் தன் மைல்ஸைப் பயன்படுத்தத் தக்கவர்களாகப் பதிவு செய்யலாம். அதில் அத்தையின் பெயரைச் சேர்த்தால் போதும். அவருடைய பெற்றோர், உங்கள் மகள் என்று ஏற்கெனவே ஐந்தும் நிறைந்திருக்கிறதா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். ஒருவரை நீக்கி இன்னொருவரைச் சேர்க்கக் கட்டணம் உண்டு.

அந்தப் பெயர் பதிவில்தான் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நமக்கு முன்னெழுத்துப் பழக்கம். பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். ஒருவர் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார், இன்னொருவர் கணவர் பெயரை, மற்றொருவர் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருப்பார். காலியாக விட்ட பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று மூன்று எழுத்து அச்சாகி வரும், முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். டிக்கெட்டில் வேறு மாதிரி, மைல்ஸ் கணக்கில் வேறு மாதிரி இருந்தால் கணினி இரண்டையும் ஒரே ஆளாக ஏற்காது. எங்கள் தெருவில் ஒரு மாமியின் உயர்வு கடைசி நேரத்தில் நின்றுபோனது இதனால்தான். கணக்கில் முன்னெழுத்தோடு "என்." என்று இருந்தது, டிக்கெட்டில் முழுப் பெயர். ஆகவே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்புங்கள். வாயால் பெயரைச் சொல்லாதீர்கள்.

மைல்ஸுக்கு ஆயுள் உண்டு என்பதையும் கேளுங்கள். கிரிஸ்ஃப்ளையரில் மூன்று ஆண்டு. எமிரேட்ஸ் கணக்கிலும் அப்படியே. ஒரு லட்சம் என்று மாப்பிள்ளை சொல்வதில் எவ்வளவு எந்த மாதத்தில் காலாவதியாகிறது என்பது அவர் கணக்கிலேயே தெரியும்.

கடைசியாக ஒன்று. "மைல்ஸ் குறைகிறதா, நான் விற்கிறேன், பிசினஸ் வகுப்பே பாதி விலையில் போட்டுத் தருகிறேன்" என்று கைபேசியில் செய்தி அனுப்பும் ஆட்கள் நம் பக்கம் பெருகிவிட்டார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். உறுப்பினர் தன் மைல்ஸை விலைக்கு விற்பது நிறுவனங்களின் விதிப்படி தடை. கண்டுபிடித்தால் டிக்கெட்டை ரத்து செய்வார்கள், கணக்கையும் மூடுவார்கள். நிறைமாதப் பிள்ளை அங்கே காத்திருக்கும்போது சிங்கப்பூரில் நடு வழியில் நிற்க முடியுமா?

கும்பகோணம் அம்மாள் எழுதியது:

தம்பி, நான் கேட்கப்போவது வேறு. உங்கள் அறுவடைக்காக உங்கள் மனைவி ஏன் ஒரு மாதம் தள்ளிப்போக வேண்டும்?

என் மகளுக்கு நியூ ஜெர்சியில் இரண்டு பிரசவம் பார்த்தவள் நான். கடைசி ஆறு வாரம்தான் பெண்ணுக்குத் தாய் வேண்டும். கால் வீங்கும், தூக்கம் வராது, எதைச் சாப்பிட்டாலும் எதிர்க்களிக்கும். மிளகு ரசம் வைத்துக் கொடுக்க ஓர் ஆள் இருந்தால் அதுவே பெரிய தெம்பு. குழந்தை பிறந்தபின் மருந்துக் குழம்பும் பூண்டும் வேண்டும். மார்ச் முதல் வாரம் என்று மருத்துவர் சொன்ன நாள் பத்து நாள் முன்னே வந்தால் என்ன செய்வீர்கள்? பிப்ரவரி 20 மிகவும் நெருக்கம். டிக்கெட் மேசைப் பெண் சொன்னபடி பிஎன்ஆரைப் பிரியுங்கள். அவர் பழைய தேதியிலேயே போகட்டும், அவர் டிக்கெட்டைத் தொடவே வேண்டாம். நீங்கள் நெல்லைப் போட்டுவிட்டு வாருங்கள். மாற்றக் கட்டணமும் ஒருவருக்கு மட்டும்தான் ஆகும்.

"தனியாக எப்படிப் போவாள்" என்பீர்கள். சக்கர நாற்காலி கேளுங்கள். அதற்குக் காசு கிடையாது, ஆனால் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது சொல்லிவிட வேண்டும். அதில் மூன்று வகை உண்டு. நடக்க முடியும், படியும் ஏற முடியும், தூரம்தான் முடியாது என்பவர்களுக்கு ஒன்று. படி ஏற முடியாதவர்களுக்கு ஒன்று. இருக்கை வரை தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்களுக்கு ஒன்று. மூட்டு மாற்றியவருக்கு இரண்டாவது வகையைக் கேளுங்கள், படியில் ஏறச் சொல்ல மாட்டார்கள். சிங்கப்பூரில் ஸ்கூட் இறங்குவது 1ஆம் முனையத்தில், அமெரிக்க விமானம் புறப்படுவது 2 அல்லது 3இல். இடையில் குட்டி ரயில் ஓடுகிறது. நடக்கிறவர்களே வழி கேட்டுக்கொண்டு போகும் இடம். சக்கர நாற்காலி ஊழியர் கூட்டிக்கொண்டு போய் வாசலிலேயே விட்டுவிடுவார், மொழிப் பிரச்சினையும் இல்லை. அங்கே தமிழ் பேசுகிற ஆள் யாராவது இருப்பார்.

மூட்டில் உலோகம் இருப்பதால் பாதுகாப்புச் சோதனையில் கருவி கத்தும். அறுவை செய்த மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இவ்வளவு நீளப் பயணத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்றும் அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மைல்ஸில் இடம் கிடைக்கவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். நடைபாதை ஓர இருக்கை, வலது காலை நீட்ட வசதியான பக்கம் எது என்று பார்த்து எடுங்கள். வலது கால் என்றால் நடைபாதை அவருக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். அவசர வழி அருகே இடம் நிறைய இருக்கும், ஆனால் சக்கர நாற்காலி கேட்டவர்களுக்கு அதைத் தர மாட்டார்கள்.

மன்னார்குடி மிராசு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாள் சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "நான் அன்றைக்கே சொன்னேன்" என்றாள். அவள் பழைய தேதியிலேயே போகிறாள்.

ஏஜெண்டிடம் போய் 16ஆம் பிரிவைக் கேட்டேன். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். தேதி மாற்றலாம், கட்டணம் உண்டு என்று தெளிவாகவே இருந்தது. ரத்து செய்தால் ஆகும் இழப்பில் அது சிறு பங்குதான். பிஎன்ஆரைப் பிரித்து, என் எழுத்து கிடைத்த பிப்ரவரி 23க்கு என்னை மாற்றிவிட்டார்கள். திரும்பும் தேதி அப்படியே மே கடைசி, இருவருக்கும் ஒரே விமானம்.

மாப்பிள்ளை அத்தையின் பெயரைச் சேர்த்துவிட்டார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக என் பெயர் இருக்கிறது, டிக்கெட்டிலும் அப்படியே, நல்லவேளை. உயர்த்தத்தக்க கட்டணம்தான் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த நாளில் பிசினஸில் மைல்ஸ் இடம் இல்லை, காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பிரீமியம் எகானமியில் மைல்ஸுக்கு இப்போதே இடம் இருக்கிறது. எதை எடுப்பது? பட்டியலை நம்பிக் காத்திருந்து இரண்டையும் இழந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

தஞ்சை டிக்கெட் மேசை எழுதியது:

நல்ல செய்தி ஐயா. தங்கள் மனைவி தனியாகப் போகிறார் என்பதால் நான் உறுதியாகவே சொல்கிறேன்: கையில் இருக்கும் பிரீமியம் எகானமியை எடுங்கள். பொங்கல் முடிந்து திரும்பும் கூட்டம் அந்த வாரம் முழுவதும் இருக்கும். பிசினஸ் பட்டியல் கடைசி நாள்வரை அசையாமல் நிற்கலாம். பிரீமியம் எகானமி என்பது படுக்கை அல்ல, ஆனால் காலுக்கு இடம் கூடுதல், இருக்கை அகலம், சாய்வும் அதிகம், கால் வைக்கத் தாங்கி உண்டு. உறுதியான இடத்தோடு அவர் நிம்மதியாகப் பெட்டி கட்டுவார். அதை எடுத்த பிறகு பிசினஸுக்கான காத்திருப்பு நீடிக்குமா, எடுத்ததை மீண்டும் உயர்த்த அனுமதி உண்டா என்று மாப்பிள்ளை தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். நீடித்தால் நல்லது, நீடிக்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள்.

உயர்த்தி முடித்ததும் புதிய டிக்கெட் வரும். அது வந்த அன்றே ஒன்று செய்யுங்கள். டிக்கெட் புதிதாக வெளியாகும்போது முன்பு கேட்டு வைத்தவை சில நேரம் உதிர்ந்துவிடும். சக்கர நாற்காலி, சைவ உணவு, ஸ்கூட் விமானத்தில் பணம் கட்டிய முன்வரிசை இருக்கை, மூன்றும் இன்னும் இருக்கின்றனவா என்று பிஎன்ஆரைத் திறந்து பாருங்கள். உங்கள் டிக்கெட்டும் தேதி மாறி வெளியானதுதான், அதையும் பாருங்கள். டிக்கெட் எண் பதின்மூன்று இலக்கம், முதல் மூன்று இலக்கம் 618 என்று இருக்க வேண்டும், அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எண். பிஎன்ஆர் மட்டும் இருந்து புதிய டிக்கெட் எண் வராமல் இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். விமான நிலையத்தில்தான் தெரியவரும், அங்கே யாரும் உதவ முடியாது.

அவர் புறப்படும் நாளில் திருச்சிக்குக் காரிலேயே போங்கள். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வந்து போக இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், பொங்கல் வாரத்தில் அதற்கும் மேல். சக்கர நாற்காலிப் பயணிகள் மூன்று மணி நேரம் முன்பே கவுண்டரில் இருப்பது நல்லது. பெட்டிகளைச் சான்ஃபிரான்சிஸ்கோ வரை ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய சீட்டில் அந்த ஊர் விமான நிலையத்தின் குறியீடான எஸ்எஃப்ஓ இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்த்துவிட்டு அவரை உள்ளே அனுப்புங்கள்.